அடிக்குறிப்பில் வெரேனா

"எழுத வரவில்லை" என்றார் பேராசிரியர் ரேட்டோ.

சூரிக் நகரத்தில் காதல் கவிதைகளை ஆராய்ந்தே தலை நரைத்தவர். அவருடைய ஆராய்ச்சிப் புத்தகங்களைத் தூக்கவே தனியாக ஆள் வேண்டும். அப்பேர்ப்பட்டவர் இப்போது மலையேறி வந்து, ஒரு காலத்தில் தன்னிடம் படித்த ஊர்சினாவின் வாசலில் நிற்கிறார். அவள் கதை எழுதுகிறவள்.

"எதை எழுத வரவில்லை?"

"வெரேனாவை."

வெரேனா அவர் மனைவி. போன பனிக்காலத்தில் இறந்துபோனாள்.

"அவள் முகமே மறந்துவிடும்போல் இருக்கிறது, ஊர்சினா. அதற்குள் ஒரு பக்கமாவது எழுதிவிட வேண்டும். நீதான் சொல்லித்தர வேண்டும்."

ஊர்சினா கையை நீட்டினாள். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார்.

'என் துணைவியார் பொறுமையும் எளிமையும் வாய்ந்தவர்' என்று தொடங்கி, பக்கம் முழுக்க அதே தோரணை. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்புகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனைவிக்குமா ஆதாரம்?"

"ஆதாரம் இல்லாமல் எழுதக் கை கூசுகிறதே, என்ன செய்ய?"

"கீழே இருப்பதை மட்டும் வாசியுங்கள்."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் படிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ஒன்று. நான் சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்தால், சூப்பை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். இரண்டு. ரொட்டியின் கருகிய முனையைத் தனக்கு எடுத்துக்கொள்வாள். அதுதான் பிடிக்கும் என்பாள். பிடிக்காது என்று எனக்குத் தெரியும். மூன்று. ரயிலில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டி ஏரியைப் பார்ப்பாள். இதற்கு..."

தாளைத் தாழ்த்தினார்.

"முடியுங்கள்."

"இதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை."

ஊர்சினா கத்தரிக்கோலை எடுத்தாள். கோட்டின் மேலாகவே வெட்டினாள். மேல் பகுதி அடுப்புக்குள் போனது.

"ஐயோ, அதைத்தானே ஒரு வருடமாக எழுதினேன்!"

அவள் மிச்சமிருந்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

மலையிலிருந்து இறங்கும் ரயிலில் நல்ல கூட்டம். ரேட்டோவுக்குப் பக்கத்தில் ஜன்னலோர இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

ஏரி தெரியத் தொடங்கியபோது ஒரு பெண்மணி வந்து நின்றாள். "இங்கே ஆள் இருக்கிறார்களா?"

அவர் கழுத்தை நீட்டி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"இருக்கிறாள்" என்றார். "இன்றைக்கு ஜன்னலோரம் அவளுக்கு."