தேர் போன தென்னந்தோப்பு

முன்னொரு காலத்தில் கூவிள நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனசு ஐப்பசி வானம் மாதிரி. எப்போது வெயிலடிக்கும், எப்போது இடி விழும் என்று யாருக்கும் தெரியாது.

அவன் காலத்தில் ஒரு பெருமழையில் பெரிய ஏரியின் கரை உடைந்தது. காவலர்களெல்லாம் மேடு தேடி ஓடினார்கள். வேலாத்தாள் ஓடவில்லை. மண்வேலை செய்து பிழைக்கும் பத்துக் குடும்பங்களுக்கு அவள்தான் தலைவி. இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று நாள் நின்று, பனைமரத்தை வெட்டிப் போட்டு, மண்ணைக் கொட்டி, உடைப்பை அடைத்துவிட்டாள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, தன் முத்துமாலையை அவள் கழுத்தில் போட்டான்.

“என்ன வேண்டும், கேள் வேலாத்தா!”

“இதுவரைக்கும் அடுத்தவர் வயலுக்குத்தான் கரை கட்டினோம், மகாராசா. எங்களுக்கென்று உழ ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுங்கள்.”

“கொடுத்தேன்! இன்றைக்கே பிரித்துப் பட்டயம் எழுதுங்கள்!”

நாட்டில் நிலம் அளப்பவர் ஆபத்சகாயர். சகாயமெல்லாம் பெயரோடு சரி. முப்பது வருஷம் அரண்மனையில் இருந்தும் ஒரு முத்துகூடக் காணாத அவருக்கு வயிறு எரிந்தது. தன் தென்னந்தோப்புக்குப் பின்னால் உழாமல் கிடந்த கரம்பு நிலத்தைப் பத்துத் துண்டாக அளந்து கொடுத்தார். இருபுறமும் பாறை, பின்னால் ஏரி, முன்னால் அவர் தோப்பு. சாலைக்குப் போக வேண்டுமென்றால் தோப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மறுநாளே தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்.

வேலாத்தாள் சபைக்குப் போனாள்.

“நிலம் இருக்கிறது, வழி இல்லை, மகாராசா.”

“பட்டயத்தில் நிலம் என்றுதான் இருக்கிறது, பிரபு. வழி என்று எங்கே இருக்கிறது? இறக்கை கட்டிக்கொண்டு பறக்கட்டுமே!” என்றார் ஆபத்சகாயர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சபையும் சிரித்தது. முதுகு நிமிர்ந்தபடியே நின்றாள் வேலாத்தாள். ஆனால் மார்பில் கிடந்த முத்துமாலை அன்றைக்குக் கல்லாய்க் கனத்தது.

“தோப்பு அவருடையது. பிடுங்கிக் கொடுக்க மாட்டேன்” என்றான் ராஜா. “அவர் வாயாலே வழி விட்டால் சரி. தை மாதத்துக்குள் முடியாவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு.”

“சரி, மகாராசா.”

ஏரி வழியாகவே வயலுக்குப் போகக் கலப்பையைக் கழற்றிப் பரிசலில் ஏற்றினார்கள். மாடுகளை ஏரியில் நீந்தவிட்டுக் கரையேற்றினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆபத்சகாயர் வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்தார். பத்துக் குடும்பமும் பாறைக்கு நடுவே கிடந்த கரம்பைப் பொன்னாக்கியது. தை பிறப்பதற்குள் நெற்கதிர் தலை சாய்ந்தது. அறுத்து மூட்டை கட்டினார்கள்.

“அக்கா, இத்தனை மூட்டையும் பரிசல் தாங்காது. ஒரு வண்டி உள்ளே வர வழியில்லையே” என்றான் அவளோடு கரை கட்டிய நாச்சன்.

“வண்டி என்னடா, தேரே வரும்” என்றாள் வேலாத்தாள்.

நேரே சபைக்குப் போய்க் கும்பிட்டாள். “நீங்கள் கொடுத்த மண்ணில் முதல் விளைச்சல். புது அரிசியில் பொங்கல் வைக்கிறோம். மகாராசா வயலுக்கே வந்து சாப்பிட வேண்டும்.”

பொங்கல் என்றதும் ராஜாவுக்கு நாக்கு ஊறியது. “வருகிறேன்! ஆனால் பரிசலில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். தேரில்தான் வருவேன். ஆபத்சகாயரே, நாளை மறுநாள். ஏற்பாடு செய்யும்!”

ராஜாவிடம் ‘வழியில்லை’ என்று சொல்ல யாருக்குத் தலை இரண்டு இருக்கிறது? முள்வேலி விழுந்தது. முப்பது தென்னை சாய்ந்தது. மேடு பள்ளம் நிரவி, ஆற்று மணல் பரப்பி, இருபுறமும் மாவிலைத் தோரணம் கட்டினார் ஆபத்சகாயர். கட்டக் கட்ட அவருக்கே பெருமை வந்துவிட்டது.

தேர் குலுங்காமல் வந்து வயலோரம் நின்றது. “அடடா, என்ன வழி! உம் தோப்புக்குள்ளேயே தேரை விட்டுவிட்டேனே, கோபமில்லையே?” என்றான் ராஜா.

ஆபத்சகாயர் உச்சி குளிர்ந்து இரண்டாய் வளைந்தார். “அபசாரம், பிரபு! தங்கள் தேர்ச்சக்கரம் பட்ட மண் அடியேனுக்குச் சொந்தமாகுமா? இனி இது ராஜபாட்டை. ஒரு பிடி மண்ணுக்குக்கூட எனக்குப் பாத்தியமில்லை!”

பொங்கல் பானையில் அகப்பையை வைத்துவிட்டு, ராஜாவோடு வந்திருந்த ஓலைக்காரர் பக்கம் நிமிர்ந்தாள் வேலாத்தாள். “ஓலை எழுதுகிறவரே, ஐயா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.”

ஆபத்சகாயர் முகம் வெளுத்தது. “பிரபு, அது... மரியாதைக்குச் சொன்ன வார்த்தை...”

“மரியாதைக்கா?” ராஜாவின் புருவம் ஏறியது. “அப்படியானால் முப்பது வருஷமாய் என்னிடம் சொன்னதெல்லாம் பொய்தானா?”

“இல்லை, பிரபு! மனசாரச் சொன்னேன்! மனசார!”

“எழுது ஓலையை!” என்று ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். “வேலாத்தா, ஜெயித்துவிட்டாய். என்ன பரிசு வேண்டும்?”

“அன்றைக்குச் சபையில் நீங்களும் சிரித்தீர்கள், மகாராசா” என்றாள் அவள்.

ராஜா தலை குனிந்தான். “சிரித்தேன். தப்புத்தான். கேள்.”

“இனி இந்த நாட்டில் யார் நிலத்தைப் பிரித்தாலும், முதலில் வண்டிப்பாதையை அளக்க வேண்டும். மிச்சத்தைத்தான் பங்கு போட வேண்டும். பாதை எழுதாத பட்டயத்தில் உங்கள் முத்திரை விழக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும். ஊர் ஊராய்ப் போய் அந்தப் பாதையை நீயே குறித்துக் கொடு. அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஆபத்சகாயர் உன் பின்னால் வருவார்.”

அதற்குள் பத்துக் குடும்பத்தின் பத்து வண்டிகளும் சாலையிலிருந்து வந்து நெல்மூட்டை ஏற்றி, மாட்டுக் கழுத்து மணி குலுங்க வரிசையாய் நின்றுவிட்டன. எதிரே, ஊர் திரும்புவதற்காகப் பாதையில் திருப்பி நிறுத்தியிருந்த ராஜாவின் தேர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

முன்வண்டியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள் வேலாத்தாள். “மகாராசா, கொஞ்சம் வழி விடுங்கள்.”

ராஜா தானே கடிவாளத்தைப் பிடித்துத் தேரைத் தோப்புக்குள் ஒதுக்கினான். வேலாத்தாள் அவசரப்படவில்லை. பத்து வண்டியும் தாண்டும்வரை ராஜா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.