சிங்காரத்தின் கிளி

ஒரே ஒரு ஊர்ல சிங்காரம்னு ஒரு சதுரங்கக்காரன் இருந்தானாம். அவன் ஆட்டத்தைத் தொடங்குற அழகை அரண்மனையே வாயைப் பிளந்துக்கிட்டுப் பாக்குமாம். முதல்ல மந்திரிக்கு முன்னால நிக்கிற சிப்பாய், அப்புறம் அதுக்குப் பக்கத்துச் சிப்பாய், அப்புறம் குதிரை. "யாருப்பா சொல்லிக் குடுத்தா?"ன்னு ராஜா கேட்டா, "எல்லாம் என் சொந்த மூளை மகாராஜா"ம்பானாம். "உன் பொண்டாட்டியும் ஆடுவாளோ?"ன்னா, "அவளா? அவளுக்குக் குதிரை எது, கழுதை எதுன்னே தெரியாது"ம்பானாம். நெசத்துல என்னன்னா, தினமும் கதவைச் சாத்திக்கிட்டு அந்தப் பொண்டாட்டி வடிவுகிட்டதான் கத்துக்குவான். சொல்லிக் குடுத்தவளைப் போய் இப்படிப் பேசலாமா? நீங்களே சொல்லுங்க.

ஒருநாள் பக்கத்து நாட்டு ஆட்டக்காரன் வந்து, "நான் ஜெயிச்சா உங்க வாய்க்கால் தண்ணி இனிமே எங்களுக்கு"ன்னு பந்தயம் கட்டினானாம். ராஜாவும் சிங்காரத்தை நம்பிச் சரின்னுட்டாரு. இவனும் பட்டு உடுத்தி, பவுசுக்கு வீட்டுக் கிளியைத் தோள்ல உக்கார வச்சுக்கிட்டுப் போனான்.

சிப்பாயை நகர்த்தினான், இன்னொரு சிப்பாயை நகர்த்தினான், குதிரையை நகர்த்தினான். சபையே கை தட்டுச்சு. அப்ப எதிராளி, வடிவு சொல்லித் தராத இடத்துல ஒரு காயை வச்சான் பாருங்க, சிங்காரம் பலகையையே திருதிருன்னு முழிச்சுப் பாத்தான். தோத்தா ஊர் வயலே காஞ்சுடும். யோசிக்கிறான், யோசிக்கிறான், யோசிக்கிறான், ஒண்ணுமே தோணலை. தோள்ல இருந்த கிளி அவன் குரல்லயே, "வடிவு, அடுத்து எதைடி நகர்த்தணும்? கெஞ்சிக் கேக்கறேன், சொல்லேன்"னுச்சாம்!

சபை சிரிச்ச சிரிப்புல சிங்காரத்துக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலை.

ராஜா வடிவை வரவழைச்சாரு. எதிராளியும் இளக்காரமா, "யாரு வேணா ஆடட்டும்"னான். வடிவு பலகையைத் தொடலை. "குதிரை எது, கழுதை எதுன்னு தெரியாதவளாம் நான். ஊரே பேசுது. எனக்கு எதுக்கு ஆட்டம்?"னா. ராஜா கேட்டாரு, மந்திரி கேட்டாரு, ஊர்ப் பெரியவங்க கேட்டாங்க. அதே பதில்தான். கண்ணு மட்டும் புருஷன் மேலயே இருந்துச்சு.

சிங்காரம் மெதுவா எழுந்தான். "நான் சொன்னது பொய் மகாராஜா. எல்லாம் இவ சொல்லிக் குடுத்தது. கத்துக்கிட்டு இவளையே கேவலமாப் பேசினேன். கழுதை நான்தான்"னான். வெக்கத்துல தலையைத் தூக்கவே முடியலை.

அப்புறம்தான் வடிவு உக்காந்தா. அவன் நகர்த்தின அதே குதிரையை வச்சு எதிராளியோட ராஜாவை மடக்கிட்டா. வாய்க்கால் தப்பிச்சுது.

வடிவு அவனை மன்னிச்சுட்டா. கிளி விடலையே! வாசல்ல யாரு வந்தாலும், "கழுதை நான்தான், கழுதை நான்தான்"னு அவன் குரல்லயே கத்துமாம். அவனும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமாங்க, உள்ள வாங்க"ம்பானாம்.

கிளி கூண்டுக்குள்ள, கதை காதுக்குள்ள, நீங்க போர்வைக்குள்ள.