தேள் ஊசியும் குளவி ஊசியும்

ஓடைக்கு அந்தாண்ட பலாமரத்துல தேவானைன்னு ஒரு மலையணில். கூட்டுல ரெண்டு குட்டி, இன்னும் கண்ணே தொறக்கல. அவ புருசன் வாலப்பன் நாவப்பழம் பறிக்க இந்தாண்ட வந்தான். கிளை முறிஞ்சு பின்னங்கால் நரம்பு பிசகிருச்சு. இனி எங்க தாண்டுறது?

சாயங்காலமானா இந்தாண்டயிருந்தே கத்துவான். "குட்டிங்க என்ன பண்ணுது?"

"உன்னை மாதிரியே தூங்குது! ஒரு மாசம் காலை ஆட்டாம கெட. நாங்க எங்க ஓடப்போறோம்?"

அவனுக்கா பொறுக்கும்? குட்டிங்க கண்ணு தொறக்கையில முதல்ல தன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு ஆசை.

வந்துச்சு தேளு, கொடுக்கைத் தூக்கிக்கிட்டு, கம்பவுண்டர் கணக்கா. "ஒரே ஊசி, நரம்பு ஒட்டிக்கும்!"

பின்னாடியே குளவி. "ங்ங்ங்... அது பழைய மருந்துங்ங்! என்னுது புதுசுங்ங்!"

"யாருக்குக் குணமாச்சு? காட்டுங்க!"ன்னான் வாலப்பன்.

தேளு ஒரு மரவட்டையைக் கூட்டியாந்துச்சு. "எனக்குச் சுத்தமா சரியாயிருச்சு!"

"எந்தக் காலு?"

"இத்தனை கால்ல எதுன்னு யாரு கண்டா!"

குளவி தன் மண்கூட்டைத் தொறந்துச்சு. உள்ள ஒரு பச்சைப்புழு. "பாருங்ங், ஊசி போட்டதுலேருந்து ஒரு முனகல் இல்லீங்ங்!" முனகல் என்ன, மூச்சே சந்தேகம்!

எது ஒசத்தின்னு வாலப்பன் யோசிக்கையில, அந்தாண்டயிருந்து தேவானை கத்தினா. "யோவ், ஒருத்தன் கண்ணை லேசா தொறக்குறான்யா!"

"ரெண்டையும் குத்துங்கடா!"

குத்தினாங்க. காலு மரத்துப் போச்சு. "வலியே இல்ல! இந்தா வந்துட்டேன்!" தாவினான். காலு எங்க இருக்குன்னே தெரியாதவன் எப்படி உந்துவான்? ஓடைக்குள்ள தொப்! தத்தளிச்சு இந்தாண்டயே கரையேறினான். பிசகின நரம்பு இப்ப கிழிஞ்சே போச்சு. தேளையும் காணோம், குளவியையும் காணோம்.

ஒரு மாசம் மூணு மாசமாச்சு. சாயங்காலம் அந்தாண்டயிருந்து ரெண்டு கீச்சுக் குரல் கேக்கும். "அம்மா, அப்பா எப்படி இருப்பாரு?" இவன் கிளையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடப்பான்.

கடைசியில காலு சேந்துச்சு. ஒரே தாவு! பலாமரத்துக் கூட்டு வாசல்ல தேவானை மட்டும் இருந்தா.

"நேத்துதான்யா கெளம்பினாங்க, தனித்தனியா, வேற மரம் பாத்து."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உன் மூஞ்சி தெரியாது. ஆனா, 'குட்டிங்க என்ன பண்ணுது?'ன்னு உன் குரல்லயே பேசிக் காட்டி, விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

வாலப்பன் காலிக் கூட்டுக்குள்ள மூஞ்சிய நுழைச்சு மோந்து பாத்தான். குட்டிங்க வாசம் இன்னும் கொஞ்சம் இருந்துச்சு.

வலி அடங்கினதைக் குணமாயிருச்சுன்னு நம்பி அவசரப்படுறவன், எதுக்காக அவசரப்பட்டானோ அதைத்தான் முதல்ல தொலைப்பான்.