எம்பூசாவின் வெண்கலக் கால்

அந்தக் காலத்தில் ஆடுகளும் மனிதரும் சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது கிரேக்க நாட்டு மலையொன்றில் எம்பூசா என்றொரு பேய்ப்பெண் திரிந்தாள். அவளுக்கு ஒரு கால் கழுதைக் கால், இன்னொரு கால் வெண்கலக் கால். தனியாக வருபவர்களின் இரத்தத்தைக் குடிப்பாள். ஆனால் யாராவது வாய்க்கு வந்தபடி திட்டினால் போதும், கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவிடுவாள். அதனால் மலையேறும் எல்லோரும் வசவுகளை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தார்கள்.

அங்கே ஆடு மேய்த்த மெலித்தாவுக்கும் வசவு நன்றாகவே வரும்.

ஒருநாள் நடுப்பகலில் பனிமூட்டம் இறங்கி மலையை மூடியது. மெலித்தாவின் ஆடுகள் பள்ளத்தின் விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் கைகளைக் குவித்துக் கூப்பிட்டாள். பாறைகளில் மோதி அவள் குரல் நாலாபக்கமும் எதிரொலித்தது.

"எந்தப் பக்கம் வருவது?" என்று பெரிய கிடா மூட்டத்துக்குள்ளிருந்து கத்தியது. "உன் குரல் எல்லாத் திசையிலும் கேட்கிறது!"

அப்போது அவளுக்குப் பின்னால் ணங், ணங் என்று சத்தம் வந்தது. திரும்பினாள். எம்பூசா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கு மெலித்தா வாயைத் திறந்தாள்.

"அந்த ணங் சத்தம் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது!" என்றது கிடா.

மெலித்தா வசவை நாக்கு நுனியிலேயே நிறுத்திக்கொண்டாள். திட்டினால் பேயோடு அந்தச் சத்தமும் போய்விடும், வழி தெரியாமல் ஆடுகள் பள்ளத்தில் விழும். திட்டாவிட்டால் தன் உயிர் போகும். பிறந்த அன்றிலிருந்து மடியில் வைத்து வளர்த்த ஆடுகள் அவை.

"அக்கா," என்றாள், "போய்விடாதே."

எம்பூசாவின் வாய் மூடிக்கொண்டது. "என்னையா அக்கா என்கிறாய்? திட்டமாட்டாயா?"

"மாட்டேன். உன் காலைப் பாறையில் தட்டு. என் ஆடுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரட்டும்."

"தட்டினால் எனக்கு என்ன தருவாய்?"

"வயிறு நிறையப் பால்."

"எனக்கு இரத்தம்தான் பழக்கம்."

"பாலும் கறந்த சூட்டோடுதான் இருக்கும், அக்கா. குடித்துப் பார்."

எம்பூசா ஒரு பாறையருகே போனாள். வெண்கலக் காலை ஓங்கி அதில் தட்டினாள். மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குட்டி வந்தது. பின்னால் அதன் தாய் வந்தது. மெலித்தா ஒவ்வொன்றின் முதுகையும் தடவி எண்ணினாள். கடைசியில் கிடாவும் வந்து சேர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பிறகு சொன்னபடியே பால் கறந்து கொடுத்தாள். எம்பூசா கலயத்தை ஒரே மூச்சில் காலி செய்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது," என்றாள்.

மூட்டம் கலைந்து வெயில் வந்தது. எம்பூசா கல்லொன்றை எடுத்துத் தன் வெண்கலக் குதிகாலைத் தட்டிப் பெயர்த்தாள். உட்குடைவாக இருந்த அந்தத் துண்டுக்குள் சிறு கல்லொன்றைக் கட்டி, கிடாவின் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"ஐயோ, அக்கா! நீ எப்படி நடப்பாய்?"

"இதற்கு முன்னால் மட்டும் ஒழுங்காகவா நடந்தேன்?" என்று சிரித்துக்கொண்டே எம்பூசா மலையேறிப் போனாள். கிடா தலையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டு மகிழ்ந்தது.

மலையில் மேயும் ஆட்டின் கழுத்தில் வெண்கல மணி ஏறியது அன்று முதல்தான்.