வெள்ளெலி இறுக்கி மூடிய மாவுச்சட்டி

முள் மண்டிய ஒரு காட்டில், கள்ளிப் புதரின் அடியில் வெள்ளெலி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. அதற்கு மிஞ்சியிருந்தது ஒரே குட்டிதான், குழந்தைகளே. மற்றவற்றைப் போன மழைக்காலத்தில் சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. மிஞ்சிய குட்டியின் பெயர் மினுக்கி.

அன்றிலிருந்து வெள்ளெலிக்கு இலை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். தானியம் பொறுக்கப் போகவே கால் வராது.

"அப்படியானால் ரொட்டி சுட்டு வைத்துக்கொள்," என்றது பக்கத்து வளை மூஞ்சூறு. "புளித்த மாவில் சுட்ட ரொட்டி நாள்பட இருக்கும். தினமும் வெளியே போய் நடுங்க வேண்டாம். உள்ளேயே உட்கார்ந்து நடுங்கலாம்."

சொன்னதோடு நிற்காமல், தன் வீட்டுப் புளித்த மாவில் ஒரு பிடி கொண்டுவந்து வெள்ளெலியின் சட்டியில் போட்டது.

"இது உயிருள்ள மாவு, பார்த்துக்கொள். தினமும் பாதியை எடுத்துவிட்டு, மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் கொடு. குமிழி விட்டுப் பொங்கும். பொங்கியதில் கொஞ்சம் எடுத்து, மாவு சேர்த்துப் பிசைந்து, புளிக்க விட்டுச் சுடு. சட்டியின் மேல் ஓர் இலை போதும். இறுக்கி மூடாதே, அது மூச்சு விட வேண்டும்."

"புளிப்பு வாசனை வெளியே போகுமே, அக்கா. சாரை மோப்பம் பிடித்து வந்துவிட்டால்?"

"சாரைக்கு ரொட்டி மேல் என்னடி ஆசை? அதற்கு உன் மேல்தான் ஆசை," என்று சொல்லிவிட்டு மூஞ்சூறு போய்விட்டது.

வெள்ளெலி சுட்ட முதல் ரொட்டி கல் மாதிரி இருந்தது. மினுக்கி அதைத் தின்னாமல் மேலே ஏறி விளையாடியது. அடுத்த ரொட்டி பரவாயில்லை. அதற்கடுத்தது நன்றாகவே உப்பியது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில், வாசல் மணலில் ஏதோ வளைந்து வளைந்து போன தடம் தெரிந்தது.

வெள்ளெலி சட்டி மேலிருந்த இலையைத் தூக்கி எறிந்தது. களிமண் பிசைந்து சட்டியின் வாயைக் காற்றுப் புகாமல் பூசியது. மண் மீந்தது. எந்த வெள்ளெலியும் வளைக்குப் பின்வாசல் ஒன்று வைத்து, முட்டினால் உதிர்கிற அளவுக்குப் பொடிமண்ணால் மூடி வைத்திருக்கும். மீந்த களிமண்ணை அதில் வைத்து அப்பியது.

"அம்மா, அது நாம் தப்பி ஓடுகிற வழி இல்லையா?"

"பாம்பு வருகிற வழியும் அதுதான்."

"சட்டிக்கு மூச்சு?"

"நமக்கு மூச்சு இருந்தால் போதும். சும்மா இரு."

வெயில் ஏறியது. வளைக்குள் புழுங்கியது. சட்டிக்குள் மாவு பொங்கிப் பொங்கி, இடமில்லாமல் மூடியை முட்டியது. களிமண்ணில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது.

"உஸ்ஸ்ஸ்..."

வெள்ளெலி குட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது. "வந்துவிட்டது. உள்ளேயே வந்துவிட்டது."

"அம்மா, அது நம் சட்டி. புளிப்பு வாசனை வருகிறதே..."

"பேசாதே. ஓடு."

வெளியே போகும் வெள்ளெலி முதலில் மூக்கை மட்டும் நீட்டி, நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். அன்று அது நிற்கவில்லை. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வாசலைத் தாண்டிய வேகத்தில், குளிர்ந்த எதன் மேலோ மோதிக் குட்டியைக் கீழே போட்டது.

"யாருக்குப் பயந்து இப்படி ஓடி வருகிறாய்?" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"உள்ளே பாம்பு," என்றது வெள்ளெலி, தலை நிமிராமலே.

"இருக்காதே. நான் இங்கே அல்லவா இருக்கிறேன்."

சாரை பாய்ந்தது. வெள்ளெலியின் வால் அதன் வாயில் சிக்கியது. வாலின் தோல் உறை போல உரிந்து வர, வெள்ளெலி குட்டியைத் தள்ளிக்கொண்டு வளைக்குள் விழுந்தது. பின்வாசலுக்கு ஓடியது. அங்கே களிமண். தன் கையால் அப்பிய களிமண். நகம் தேயத் தேயப் பிராண்டியும் கொஞ்சமாகத்தான் பெயர்ந்தது. பின்னால் செதில்கள் மண்ணில் உரசும் சத்தம் நெருங்கி வந்தது.

"அம்மா, நீ அதைத் திற. நான் இதைத் திறக்கிறேன்," என்றது மினுக்கி. சாரையின் பக்கம் திரும்பி ஓடி, சட்டியின் மண்மூடியைக் கடித்துப் பெயர்த்தது.

அடைபட்டுக் கிடந்த மாவு பீறிட்டு வழிந்து, குறுகிய வழியை நிரப்பியது.

"இது என்ன கருமம்?" என்றது சாரை. அதற்குமேல் பேச நாக்கு வரவில்லை. நாக்கு மாவில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் மோப்பம் பிடிக்கிற பாம்புக்கு இருட்டில் வேறு என்ன தெரியும்? அப்படியே திணறி நின்றது.

அதற்குள் களிமண்ணில் ஒரு துளை விழுந்தது. முதலில் குட்டி போனது. பிறகு தாய் போனது.

இரண்டும் ஓடி வந்து நின்றபோது, மூஞ்சூறு தோலுரிந்த வாலைப் பார்த்தது. ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டது. உள்ளே போய் இன்னொரு பிடி மாவை எடுத்து வந்து கொடுத்தது.

புது வளையில் வெள்ளெலி புதுச் சட்டி வைத்தது. பயம் போகவில்லை. வாசனை வெளியே போகிறதே என்று மூக்கு துடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் சட்டியின் மேல் ஓர் இலைதான் கிடந்தது. பின்வாசலில் பொடிமண்தான் இருந்தது.

நீதி: பயத்தில் எல்லா வழியையும் அடைப்பவர், தாம் காக்க நினைத்த உயிரின் மூச்சையும் சேர்த்தே அடைக்கிறார்.