பானகம் குடித்த காவலன்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை இளவழுதி ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் வழக்கு கேட்டு அலுத்துவிட்டால், எதையாவது வெட்டச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அவர் சொன்னதைச் சரிசெய்து சரிசெய்தே மந்திரி அறவாழிக்குத் தலை நரைத்துப்போயிற்று.

ஒருநாள் உச்சி வெயிலில் கோட்டைக் காவலன் பொன்னனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அரண்மனைப் பாடகரை ஈட்டிக் கம்பால் அடித்துக் கையை முறித்துவிட்டான்.

"யாரோ கொடுத்தனுப்பிய பானகத்தைக் குடித்தேன், சாமி. அப்புறம் நடந்தது எதுவும் நினைவில்லை" என்றான் பொன்னன்.

அரண்மனை அதிகாரி பூதநாதர் முன்னால் வந்தார். அந்தக் காவல் வேலையைத் தன் மைத்துனனுக்குக் கேட்டு அலைந்தவர் அவர். "போதை குற்றத்துக்குச் சாக்காகாது என்பது தங்கள் சட்டம், அரசே. இவன் கையை வெட்டச் சொல்லுங்கள்."

ராஜா கொட்டாவி விட்டார். "வெட்டுங்கள். இன்னும் எத்தனை வழக்கு இருக்கிறது?"

மந்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வெட்டலாம், அரசே. எல்லோருமே களைத்திருக்கிறோம். முதலில் ஆளுக்கொரு குவளை பானகம் குடிப்போம்."

எல்லோரும் குடித்து முடித்தபின் மந்திரி மெதுவாகச் சொன்னார்: "இதில் புத்தியைக் கலக்கும் சரக்கு ஒன்று சேர்ந்திருக்கிறது. இனி நீங்கள் யாரை அடித்தாலும் சட்டப்படி அது உங்கள் குற்றம்தான்."

ராஜாவின் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியாமல் கலந்து கொடுத்துவிட்டு என் தலையில் கட்டுவீரா? அது எப்படி நான் செய்த குற்றமாகும்?"

அதற்குள் பூதநாதர் தொண்டைக்குள் விரலை விட்டிருந்தார். "ஊமத்தை விதை ஐயா, உயிரே போய்விடும். உப்புத் தண்ணீர் கொண்டுவாருங்கள்."

"ஊமத்தை என்று நான் சொல்லவில்லையே" என்றார் மந்திரி. "பொன்னனின் குவளையில் அந்த விதை கிடந்ததை வைத்தியர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். நாம் குடித்ததில் வெல்லமும் சுக்கும்தான் இருந்தன."

பூதநாதர் வாயிலிருந்து விரலை எடுக்க மறந்து நின்றார்.

ராஜா சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "தானாகக் குடித்தவனுக்குச் சட்டம் அப்படியே இருக்கட்டும். ஏமாந்து குடித்தவனின் குற்றம் கலந்தவனைச் சேரும். பாடகருக்குக் கை கூடும்வரை பூதநாதரே சோறு ஊட்டட்டும். ஒவ்வொரு கவளத்தையும் முதலில் தான் தின்று பார்த்துவிட்டு. அப்புறம் சிறை."

கட்டை அவிழ்த்தும் பொன்னன் நகரவில்லை. "அடித்தது என் கைதானே, சாமி?"

"சட்டம் விட்டுவிட்டதப்பா. மனசு விட நாளாகும்" என்றார் மந்திரி. "போய்ப் பாடகரைப் பார்."

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"இன்றைக்கு இனி வழக்கு வேண்டாம், அரசே."

ராஜா அதற்குள் சிம்மாசனத்தைவிட்டு இறங்கியிருந்தார்.