மூவருக்கு ஒரு பெயர்

மிருகமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. உயிர்களுக்குப் பெயர் வைக்கும் வேலை கொம்பாயி என்பவளுடையது. காதில் மூன்று முறை சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் காதை உதறினால் உதிர்ந்துவிடும். பெயர் இல்லாதவனைக் காட்டில் தங்க விடமாட்டார்கள்.

கடைசி நாளில் கொம்பாயியிடம் மிஞ்சியது ஒரே பெயர்: வாரணம். வந்து நின்றதோ மூன்று பேர். மலையிலிருந்து யானை, மூங்கில் புதரிலிருந்து சேவல், கடலிலிருந்து சங்கு. உங்களுக்குப் புரியட்டும் என்றுதான் இப்படிச் சொல்கிறேன். இந்தப் பெயர்களெல்லாம் பிற்பாடு வந்தவை.

"பெரியவருக்குத்தான் தருவேன்," என்றாள் கொம்பாயி.

சேவல் காட்டைத் திரும்பிப் பார்த்தது. இனி எங்கே போவது? அந்த நேரம் பார்த்து மழை வேறு பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்த சேவல், பறந்து போய் யானையின் காதுமடலுக்குள் ஒண்டிக்கொண்டது.

மழைச் சத்தத்தில் கொம்பாயியின் குரல் அவ்வளவு உயரம் எட்டவில்லை. "அட, இதென்ன ரோதனை!" என்று சங்கைத் தூக்கி வாயில் வைத்து, அதன் வழியாக மூன்று முறை கத்தினாள். பெயர் சங்குக்குள் சுற்றி, சேவலையும் தொட்டு, யானையின் காதில் விழுந்தது. மூவருக்கும் ஒட்டிக்கொண்டது.

கொம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் புத்தி! பெரியவரே, காதை ஒரு உதறு உதறுங்க. உங்களுக்குச் சொன்ன பெயர்தானே, நீங்க உதறினா மூணு பேர்கிட்டயும் உதிர்ந்துடும். மறுபடி உங்களுக்கு மட்டும் சொல்றேன்."

யானை காதைத் தூக்கியது. உள்ளே சேவல் வெடவெடவென்று நடுங்கியது.

"அண்ணே, உதறாதீங்க! எனக்குப் போக்கிடம் இல்லை."

"உன் குலம் வேற, என் குலம் வேற. உன்னால எனக்கு என்னடா பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்லைண்ணே," என்றது சேவல்.

யானை தூக்கிய காதை மெல்ல இறக்கியது. "சரி, ஆடாம இரு," என்றது.

மழை விட்டதும் ஈக்கள் வந்து மொய்த்தன. பிடுங்கியெடுத்தன. யானைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காதை மட்டும் அசைக்கவில்லை. சேவல் அழுதுகொண்டே தன்னால் முடிந்த ஈக்களைக் கொத்தியது. பொழுது சாய்ந்தது. "அப்பாடா!" என்று யானை காதை விசிற ஆரம்பித்தது, இன்றுவரை நிறுத்தவில்லை.

அகராதியைத் திறந்து பாருங்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; ஆனாலும் யானையும் சேவலும் சங்கும் வாரணம் என்ற ஒரே பெயருக்குள் ஒண்டிக்கொண்டிருப்பது அந்தச் சாயங்காலத்திலிருந்துதான்.